குப்பை வண்டிக்கு ஒரு ராகம்

அன்புச்செல்வனுக்கு முப்பத்தைந்து வயது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில், பீங்கான் பொம்மைகளையும் டீ கப்புகளையும் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கிற வேலை. மாலை ஐந்தரைக்கு மேல் அவன் இசையமைப்பாளன். படுக்கையறை மூலையில் ஒரு கீபோர்டு, பழைய லேப்டாப், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் தொங்கவிட்ட இரண்டு கம்பளி. பதினொரு பாட்டு போட்டு யூட்யூபில் ஏற்றியிருந்தான். அவற்றில் அதிகம் பேர் கேட்ட பாட்டை நூற்று நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றுதான் சொல்லிக்கொள்வான்.

“கேக்கறவங்களுக்கு எது புடிக்கும்னு பாத்துப் பாத்துப் போட்டா அது பாட்டு இல்ல கவி. ஓட்டல் சமையல்.”

“ஓட்டல்லதாங்க கூட்டம் இருக்குது” என்பாள் அவன் மனைவி கவிப்ரியா.

ஆடி மாதத்தில் ஒருநாள், அந்தப் பகுதியின் குப்பை வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி நடராசன் அவனைத் தேடி வந்தார்.

“வண்டியில போடற பாட்டு ஜனங்க காதுக்குப் பழகிப்போச்சு தம்பி. மழ பேயற சத்தம் மாதிரி ஆயிடுச்சு, ஒருத்தரும் வெளிய வரமாட்டேங்கறாங்க. நீங்க புதுசா ஒண்ணு போட்டுத் தாங்க. மக்கும் குப்ப, மக்காத குப்பன்னு ரெண்டு வார்த்த வந்தாப் போதும்.”

அன்புச்செல்வன் ஒன்பது மாலைகள் உட்கார்ந்தான். மக்குவது, மக்காதது என்று யோசிக்க யோசிக்க, அது குப்பையைப் பற்றிய விஷயமாகவே அவனுக்குத் தெரியவில்லை. மனித வாழ்க்கையாகத் தெரிந்தது. சிவரஞ்சனி ராகத்தில் மெட்டு வந்தது. தொடக்கத்தில் ஒரு நிமிடம் இருபது விநாடிக்கு வயலின் மட்டும். பிறகுதான் பல்லவி. மொத்தம் ஐந்து நிமிடம்.

கவிப்ரியா கண்ணை மூடி முழுவதையும் கேட்டாள். “நல்லாதாங்க இருக்குது. ஆனா குப்ப கொட்டணும்னு தோணலையே.”

“தோணும். ரெண்டாவது சரணத்துல வருது.”

பாட்டு தெருவுக்குப் போன நான்காம் நாள், பேட்டரிக் குப்பை வண்டி ஓட்டுகிற அமிர்தம் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதுக்காரி. பச்சை நிற மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“தம்பி, பாட்டப் போட்டது நீங்கதானா? பாட்டு வருது, குப்ப வரல. நாளைக்கு ஞாயித்துக்கெழம தானே? என்கூட வண்டியில வாங்க.”

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவளுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து போனான். முதல் தெருவில் வயலின் முடிவதற்குள் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. இரண்டாம் தெருவில் ஒரு பெண் டீ டம்ளரோடு கதவில் சாய்ந்து, கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாளி அவள் காலடியிலேயே இருந்தது. மூன்றாம் தெருவில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“யாரும்மா போயிட்டாங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“யாரும் போவலைங்க ஐயா. குப்ப வண்டி” என்றாள் அமிர்தம்.

அன்புச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒருத்தரக் கூப்புடணும்னா மொதல்ல கூப்புடணும் தம்பி” என்றாள் அவள், வண்டியைத் திருப்பியபடி. “வந்தப்பறம்தான் கஷ்ட நஷ்டம் பேசணும்.”

இரண்டு நாள் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ரசனை கெட்ட ஊர் என்று கவிப்ரியாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னான். மூன்றாம் நாள், கம்பெனியில் கழித்துப்போட்ட டீ கப்புகளில் ஒரு ஏழெட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். ஸ்பூனால் தட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசியது. விரிசல் விட்ட ஒன்று மட்டும் ‘டொக்’ என்றது. அந்த டொக்கைத் தாளத்தில் எங்கே வைப்பது என்று மூன்று மாலைகள் மாற்றி மாற்றி வைத்தான். நான்காவது மாலை, சரியான இடத்தில் அது விழுந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

“ஏ யக்கா, வண்டி வந்துடுச்சு யக்கா! மக்கறது தனி, மக்காதது தனி!” என்று கவிப்ரியா பாடினாள். அவ்வளவுதான் பாட்டு. முப்பது விநாடிகூட வராது.

“இதுல என் பேரச் சொல்லாதீங்க. இது தொழிலுக்குப் போட்டது” என்று நடராசனிடம் கொடுத்தனுப்பினான்.

அவர் போனதும் கவிப்ரியா கேட்டாள். “ஏங்க, அந்த டொக்குக்காக மூணு நாளு சோறு ஆற ஆற ஒக்காந்திருந்தீங்களே, அது யாருக்காக? குப்ப கொட்ட வர்றவங்க அதக் கேட்டாங்களா?”

அன்புச்செல்வன் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான். அதில் தூசி எதுவும் இருக்கவில்லை.

புதுப்பாட்டு கேட்டதும் தெருவில் ஜனம் ஓடி வந்தது. ஒரு வீட்டில் குப்பையே இல்லாமல் பிள்ளைகள் மட்டும் வாளியோடு வந்து ஆடிவிட்டுப் போயின. மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் அதைப் போட்டு ஆடினார்களாம். ஒரு மாதம் கழித்து ஜங்ஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத லாரி டிரைவர் ஒருவர் அந்த மெட்டைச் சீட்டியடித்தார். டொக் வரவேண்டிய இடத்தில், பிசகாமல், பெஞ்சை விரலால் தட்டினார்.

அன்புச்செல்வன் இன்னொரு டீ சொன்னான். அதில் பாதியைக் குடித்தான். பிறகு பொறுக்கவில்லை.

“அது என் பாட்டுங்க” என்றான்.

“எல்லாருக்கும் அதான் இப்ப பாட்டு” என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமலே.

அந்த வாரக் கடைசியில் கம்பெனிக்குப் போகும் வழியில் வண்டி நிறுத்துகிற கொட்டகையைத் தாண்டினான். உள்ளேயிருந்து வயலின் கேட்டது. அவனுடைய முதல் பாட்டு. காலைச் சுற்றை முடித்த அமிர்தம், கை கால் கழுவிவிட்டு ஒரு தலைகீழ் டிரம்மின் மேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்போன் பாடிக்கொண்டிருந்தது.

“இத ஏங்க்கா வெச்சிருக்கீங்க?”

“நடராசன்ட்ட கேட்டு வாங்கினேன். காலைலேருந்து ஊரையே கூப்புட்டுக்கிட்டுத் திரியறேன் இல்ல? இது யாரையும் கூப்புடல. நிம்மதியா சாப்புடலாம்.”

அன்புச்செல்வன் ஓரடி கிட்டே வந்தான். “புடிச்சிருக்குதாக்கா?”

அமிர்தம் இட்லியை மென்றபடி நியாயமாக யோசித்தாள்.

“புடிச்சிருக்குது தம்பி. கொஞ்சம் நீளம்.”

அன்று மாலை அவன் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பாட்டை மறுபடி கேட்டான். வயலினில் எங்கே வெட்டலாம் என்று அரைமணி நேரம் பார்த்தான். கடைசியில் ஒரு விநாடியைக்கூடக் குறைக்காமல் மூடிவைத்தான்.