மாமியார் மூழ்கிய இடம்

அக்கா தம்பியின் வலது கை நகங்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து முடித்துவிட்டு இடது கையை எடுத்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன் ஏழு நிமிடமாக ஒரே இசையை வாசித்துக்கொண்டிருந்தது. முகத்தைத் திறக்க வேண்டாம் என்று பிணவறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளைத் துணிக்கு வெளியே, இவன்தான் என்று சொல்லக் கைகள் மட்டுமே இருந்தன. சலவைக் கடையில் இருபது வருடம் நின்றவள் அவள். எந்தக் கறையும் அவளுக்குப் பணிந்துவிடும், இந்த கிரீஸ் மட்டும்தான் முரண்டு பிடிக்கும்.

"துறைமுகக் கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க."

"நான்தான். மூழ்கின டக் படகோட எஞ்சின் டிரைவர், அவன் அக்கா."

மறுமுனை பெருமூச்சு விட்டது. "அம்மா, நாலாவது தடவை கூப்பிடுறீங்க. எழுதிக் கொடுக்கிறதை வாசிக்கிறவன் நான். முதலாளி தன்னோட டக் ரிப்பேர் ஷெட்ல இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காரு."

"ஷெட்ல யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

"அது வேற ஆபீஸும்மா."

"தண்ணிக்குள்ள கிடக்கிறதையாவது பார்த்தீங்களா?"

"ஆள் இறங்கிப் பார்த்தாச்சு. பேர் எழுதியிருந்த இடத்துல சுரண்டியிருக்கு. பேர் இல்லாம நான் எப்படிச் சொல்றது? அதான் வயர்லெஸ்ல அடையாளம் தெரியாததுன்னு வாசிக்கிறேன்."

சுரண்டியது தம்பிதான். பழைய பெயிண்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று முதலாளி சொன்னாராம். போன ஞாயிறு முழுக்கச் சுரண்டிவிட்டு, தலைமுடியெல்லாம் நீலத் தூளோடு வந்து நின்றான். நான்கு நாளைக்கு முன், ஓட்டக் கூடாதென்று தடை போட்டிருந்த அந்த டக்கை, கப்பல்களை இழுக்கும் இழுவைப்படகை, முதலாளி விடிகாலையில் வேலைக்கு அனுப்பினார். அது துறைமுக வாசலிலேயே மூழ்கியது. சுக்கான் பிடித்தவன் நீந்திக் கரையேறினான். கீழே எந்திர அறையில் இருந்த தம்பியை அலை மறுநாள் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது காகிதத்தில் இருப்பது வேறு கதை. தம்பி அன்று லீவு. குடித்துவிட்டுப் படகுத்துறையிலிருந்து தவறி விழுந்தான். இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவனைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள். சுக்கான்காரனுக்குப் போன் செய்தால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்று வைத்துவிட்டான். அவனை மறுநாளே வேறு படகில் ஏற்றிவிட்டார்கள். துறைமுகத்தில் மொத்தம் ஏழு இழுவைப்படகுகள். ஏழும் ஒரே முதலாளியுடையவை. வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். முழுப் படகைத் தண்ணீரில் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்தப் படகுக்குப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. எந்திரம் நாள் முழுக்க முணுமுணுக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுத்தான் ஓயும் என்பதால் தம்பி அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தான். துறைமுகமே அப்படித்தான் கூப்பிட்டது. "கல்யாணம் பண்ணாமயே மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டவன் நான் ஒருத்தன்தான்" என்பான்.

வீட்டு வாசலில் கார் நின்றது. முதலாளி மலர் வளையத்தோடு வந்தார். வளையத்தைத் தம்பியின் காலடியில் வைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல வேலைக்காரன்மா. லீவுல இருந்த நேரத்துல இப்படி ஆயிடுச்சு."

"டக் எங்க இருக்கு?"

"ஷெட்ல."

"எந்த ஷெட்ல? இப்பவே வர்றேன், காட்டுங்க."

"சாவு வீட்டுல பேசுற பேச்சாம்மா இது?"

உறவுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவளும் குனிந்தாள். மடியில் தம்பியின் இடது கை. ஐந்து நகங்களிலும் கறுப்பு.

"லீவுல இருந்தவன் நகத்துல கிரீஸ் எப்படி வந்துச்சு?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பார்வை வலது கைக்குப் போனது. பளிச்சென்று இருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து, பாதி சாட்சியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டிருக்கிறாள். தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் துணியைச் சுருட்டிச் சுவரில் அடித்தாள்.

"டிரைவர் கையில கிரீஸ் இருக்கத்தான் செய்யும்," என்றார் முதலாளி.

பத்தரை மணி. அலமாரியில் தம்பியின் வயர்லெஸ் கரகரத்தது. "எல்லாக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை. துறைமுக வாசலில் அடையாளம் தெரியாத இழுவைப்படகு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. விலகிச் செல்லவும்."

நான்கு நாளாக அரை மணிக்கொரு தடவை இதே வாசகம். தம்பியையே வழியில் கிடக்கும் குப்பை என்று சொல்வதுபோல் இருந்தது. அவள் எழுந்து அதை எடுத்தாள். பேச எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் எஞ்சின் டிரைவரோட அக்கா பேசுறேன். வாசல்ல கிடக்கிறது மாமியார். உள்ள இருந்தது என் தம்பி. குடிக்கல. லீவு இல்ல. வேலை பார்த்துட்டிருந்தான்."

"யாரது? அம்மா, இது கப்பல் பேசுற லைன். வச்சிடுங்க."

முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். பிறகு, 'டிக் டிக்'.

இழுவைப்படகில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது யாரும் பேசுவதில்லை. பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார்கள். கேட்டுச்சு என்று அர்த்தம். தம்பிக்கு அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. சாப்பிட வாடா என்றால் மேசையில் இரண்டு தடவை தட்டுவான். "வாயைத் திறந்து வர்றேன்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று தினமும் திட்டுவாள்.

'டிக் டிக்.' இன்னொன்று. அவள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து. மிதக்கிற படகுகள் ஆறு. வெகுநேரம் கழித்து, தடுமாறி ஆறாவது வந்தது. அது சுக்கான்காரன்தான்.

முதலாளி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்குப் போனார்.

அதனால் என்ன ஆகிவிட்டது? காகிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சுத்தமான கையை உள்ளே வைத்து, அழுக்குக் கையை மேலே வைத்துத் துணியைச் சரி செய்தாள். யாரோ துடைக்க வந்தபோது, "தொடாதீங்க" என்றாள்.

பதினோரு மணிக்குத் தூக்கினார்கள். வாசல்படி தாண்டும்போது அவள் இடுப்பில் செருகியிருந்த வயர்லெஸ் கரகரத்தது. அதே குரல்.

"எல்லாக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை. துறைமுக வாசலில்..." குரல் நின்றது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இழுவைப்படகு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. விலகிச் செல்லவும்."

அவள் தெருவில் நின்றாள். அந்த இரண்டு சொல் வரவில்லை. பிறகு பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.