வெட்டி எறிந்த பச்சை வயர்

பின்பால் எந்திரத்தின் இரும்புக் காலைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் அப்பா. சொந்தப் பல்லை அவர் அவ்வளவு அக்கறையாகத் தேய்த்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பழைய கார்களுக்கு மெருகேற்றி, புதுசு போல அடுத்தவன் தலையில் கட்டுவது அவர் தொழில். நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாலீஷ்'. அது கேலி என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடி, முட்டிய இடமெல்லாம் விளக்கெரிந்து மணியடிக்கும் பழைய விளையாட்டு எந்திரம் அது. மூடிப்போன விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து துருவும் தூசியுமாக வந்திருந்தது. மகள் பக்கத்தில் குந்தி, டார்ச் பிடித்தபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மரப்பெட்டியின் ஓரமாகக் கறுத்துப்போன செம்புப் பின்னல் ஒன்று ஓடியது. முன்பக்கக் கம்பி, காசு போடும் கதவு, டிரான்ஸ்பார்மர் என்று இரும்பாக இருந்த எல்லாவற்றையும் அது ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்தது.

"இது எதுக்குப்பா?"

"அழுக்குச் சேக்கறதுக்கு. பாக்கவே சகிக்கல." பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

புதிதாக வாங்கிய மூன்று முள் பிளக்கின் வயருக்குள் பச்சை வயர் ஒன்று இருந்தது. செம்புப் பின்னல் போய்விட்டதால் அதைப் பிணைக்க இப்போது உள்ளே இடமில்லை. நறுக்கென்று வெட்டி டேப் சுற்றினார்.

"பச்ச வயர் எர்த்துக்குப்பா. எங்கயாவது கரண்ட் கசிஞ்சு இரும்புல ஏறிட்டா, அது வழியாத்தான் தரைக்கு இறங்கணும். அப்பதான் ஃபியூஸ் போகும்னு மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ் எத்தன மிஷின் ரிப்பேர் பண்ணிருக்காங்க? வெளிய பாக்கறவனுக்கு மூணு முள்ளு தெரியுதுல்ல? போதும்."

வெளியே பார்க்கிறவனுக்கு! அவர் வாழ்க்கையே அவனுக்காகத்தான் நடந்தது.

எந்திரத்துக்கு முதன்முதலாக உயிர் வந்தபோது விளக்குகள் கண்ணைப் பறித்தன. வெறுங்காலோடு நின்று முன்பக்கக் கம்பியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலக் கூசியது.

"அப்பா, ஷாக் அடிக்குது."

"மிஷின் உனக்கு வணக்கம் சொல்லுது. கோழிக்குஞ்சு!" அவர் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக் காட்டினார். "எனக்கு மட்டும் ஏன் அடிக்கல?"

அவர் காலில் விரல் தடிமனுக்கு ரப்பர் செருப்பு. குதிகால் வெடித்துவிடும் என்று வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டார். அந்த வீரமெல்லாம் செருப்பின் வீரம்.

டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். உள்ளிருந்த குட்டி விளக்கு சிவந்து எரிந்தது.

"அதுவும் உன்ன மாதிரிதான். எதத் தொட்டாலும் அலறும்," என்றார் அப்பா.

எந்திரத்தைப் பார்க்க அப்பா கூப்பிட்டிருந்த விருந்தாளிகள் வருகிற அன்று அம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் காதோடு சொன்னாள்: "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. தம்பி தொட்டா என்னம்மா ஆகும்?"

"இன்னிக்கு அவர் வாயக் கிளறாதடி. வந்தவங்க போகட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்."

அந்த வீட்டில் அவர் கோபத்துக்குப் பயந்தார்கள். மின்சாரத்துக்குப் பயப்பட ஆளில்லை.

நண்பர்கள் வந்தார்கள். அத்தையும் வந்தாள். அப்பாவுக்கு அக்கா, அவர் மூக்கொழுக நின்ற காலத்திலிருந்து அவரைப் பார்த்தவள். எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கல்யாண மாப்பிள்ள மாதிரி ஜோடிச்சிருக்கியேடா!" என்றாள். அதையும் அவர் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"எங்கடா குட்டி? நீதான் மொத ஆட்டம்!" என்று அப்பா குரல் கொடுத்தார்.

குளியலறையிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்தான் ஆறு வயதுத் தம்பி. தரை இன்னும் காயவில்லை. ஈரக் கால், ஈரக் கை. மினுங்குகிற கம்பியை நோக்கி அவன் கை நீண்டது.

மகள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் செத்தன.

"எதுக்குடி புடுங்கின? நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கறியா? கோழ! சொருகு!"

அவள் பிளக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்க நல்லால்லன்னு உள்ள இருந்த செம்புப் பின்னலப் பிச்சுப் போட்டுட்டீங்க, தொட்டா ஷாக் அடிக்குது. சொருகுறேன்ப்பா. நீங்க செருப்பக் கழட்டிட்டு மொதல்ல தொடுங்க."

ஒரு நண்பர் இருமினார். "பொண்ணு கேக்கறது நியாயந்தானே பாலீஷ்? கழட்டேன்."

அப்பா ஏளனமாகச் சிரித்தபடி செருப்பை உதறினார். பாதம் ஈரத் தரையில் பட்டது. சில்லென்றிருந்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. கையை நீட்டினார். கம்பிக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் நீட்டினார். விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

அத்தை தம்பியின் தலையைத் துவட்டியபடி சொன்னாள்: "ஏன்டா நிக்கற? பிளக்கு இன்னும் அவ கையிலதான்டா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. செத்த இரும்பைத் தொடக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. அதில் என்ன இருந்தது என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

"தெரிஞ்சேதான் பிள்ளையத் தொடச் சொல்லியிருக்க," என்றாள் அத்தை. "பயந்து எச்சரிக்கற பிள்ளைய கோழைன்னு சொல்லி வாய மூடறான் பாரு, அவன்தான்டா கோழ. நீ தேச்ச பளபளப்பு யாரையும் காப்பாத்தாது. பாக்க நல்லால்லன்னு பிச்சுப் போட்டியே, அதுதான்டா காப்பாத்தும்."

அப்பா வெறுங்காலோடு நடந்துபோய், விருந்தாளிகள் பார்க்கப் பார்க்க, இன்னும் கொட்டாமல் இருந்த குப்பைக்கூடையின் முன் மண்டியிட்டு, அந்தக் கறுத்த செம்புப் பின்னலைத் தேட ஆரம்பித்தார்.