மூன்று மூட்டை வலது கால்

பிரிசில்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் கணக்கு பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு நன்கொடை கேட்கும் வேலைக்குப் போனாள்.

பள்ளிகொண்டாவில் ஒரு சிறிய அறக்கட்டளை. கண்புரை வந்த பெரியவர்களைக் கிராமங்களிலிருந்து வேனில் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப்போகும். ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடும். இலவசம். இப்போது வேன் ஓடவில்லை. இஞ்சின் போய்விட்டது.

முதல் மாதம் வேலூர் லாங் பஜாரில் கடை கடையாக நடந்தாள். டீ கிடைத்தது. போன வருடத்து காலண்டர் கிடைத்தது. ஒரு பாத்திரக்கடைக்காரர், காலாகாலத்தில் கல்யாணம் செய்துகொள்ளும்படி அறிவுரை கொடுத்தார். ரசீது வேண்டுமா என்று கேட்டாள்.

ஆனாலும் வேலை பிடித்திருந்தது. கேட்ட பிறகு, பதில் வருவதற்கு முன் ஒரு கணம் உண்டு. எதிரில் இருப்பவர் தனக்குள் போய் எதையோ தேடிவிட்டு வருவார். பெரும்பாலும் வெறுங்கையோடு வருவார். ஆனால் போய் வருவார். கம்பெனிக் கணக்கில் அப்படி யாரும் எங்கேயும் போனதில்லை.

செயலாளர் காசிநாதனுக்கு இது புரியவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள இஞ்சினுக்கு வழி பண்ணும்மா. இல்லன்னா வேனை இரும்புக் கடையில போட்ருவோம். வேன் இல்லாத டிரஸ்டுக்கு நீ எதுக்கு, நான் எதுக்கு?"

அவள் பழைய மேனேஜர் அஃப்ரோஸிடம் போனாள். அஃப்ரோஸ் நேரத்தின் மீது பக்தி கொண்டவர். கழிப்பறை வாசலில் கடிகாரம் மாட்டியவர்.

"இன்னா பிரிசில்லா, வெயில்ல சுத்திப் பாதி ஆயிட்ட? உன் சேர் அப்படியே இருக்கு. திங்கக்கிழமை வந்துடு."

"ஒரு இஞ்சின் வேணும் சார்."

அஃப்ரோஸ் தனக்குள் போனார். சீக்கிரமே வந்துவிட்டார்.

"காசு இல்ல. ஷூ தர்றேன். சாம்பிள் ரூம்ல மூட்டை மூட்டையா கெடக்கு. வித்துக்கோ."

தர்றேன். அந்தச் சொல்லை அந்த மாதம் முதல்முறையாகக் கேட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மூன்று மூட்டைகள் வந்தன. காசிநாதன் தரையில் கொட்டினார். சிவப்பு, நீலம், புலிக்கோடு போட்டது. எல்லாம் வலது கால்.

வெளிநாட்டு வியாபாரிக்கு மாதிரி காட்ட ஒரு கால் போதும். ஆம்பூரில் இது எல்லோருக்கும் தெரியும்.

"ஆறு வருஷம் அங்க இருந்தியேம்மா. சாம்பிள்னா ஒத்தக் கால்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"தர்றேன்னு சொன்னாரு சார். அந்த சந்தோஷத்துல மறந்துட்டேன்."

வேன் டிரைவர் சர்தார் பாஷா சும்மா உட்கார்ந்திருந்தார். புலிக்கோடு ஷூவை எடுத்து மாட்டிப் பார்த்தார். பொருந்தியது. அந்தப் பெருமையில் வேனை நோக்கி நடந்தார். மே மாதம், நடுமதியம். இடது காலில் எதுவும் இல்லை. சிமெண்ட் முற்றம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. இரண்டாவது அடியில் இடது காலைத் தூக்கியவர், பிறகு இறக்கவே இல்லை. நொண்டியடித்தபடி வேன் வரை போனார். வேனும் கொதித்தது. தொட்டுவிட்டு, அலறி, நொண்டியடித்தபடியே திரும்பினார்.

காசிநாதன் சிரித்தார். அவர் சிரித்து பிரிசில்லா பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்து நீட்டினார்.

"இன்னொரு வாட்டி, பாய்."

பிரிசில்லா அந்த இருபது ரூபாயைப் பார்த்தாள்.

"பாய்க்கே இருபதுன்னா, அஃப்ரோஸ் சார் நொண்டியடிச்சா?"

மூவரும் புலிக்கோடு ஷூவைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவள் மறுபடியும் கம்பெனிக்குப் போனாள். கேண்டீனில் இரண்டு ஷூ டப்பா வைக்கலாம் என்றாள். ஒன்றில் 'நொண்டணும்'. இன்னொன்றில் 'வேணாம்'. யாருக்கு எது விருப்பமோ அதில் காசு போடட்டும். எது ஜாஸ்தியோ அதன்படி சனிக்கிழமை அஃப்ரோஸ் சார் நடந்துகொள்ள வேண்டும். பணம் எல்லாம் வேனுக்கு.

"என் ஆளுங்க என்னை நொண்ட விட மாட்டாங்க," என்றார் அஃப்ரோஸ். "மரியாதை ஜாஸ்தி."

"அப்ப பயமில்லையே சார்."

"எனக்கு இன்னா பயம்? ஆனா ஒண்ணு. 'வேணாம்' ஜெயிச்சா, திங்கக்கிழமை நீ உன் சேர்ல இருக்கணும்."

இப்போது அவள் தனக்குள் போய் வர வேண்டியிருந்தது.

"சரி சார்."

'நொண்டணும்' டப்பா இரண்டாம் நாளே மூட முடியாமல் போனது. பூட்ஸ் டப்பா வைத்தார்கள். ஷூவின் மேல்தோல் தைக்கும் அமிர்தவள்ளி, மாதனூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸிலேயே வசூல் செய்து, முந்தானையில் சில்லறையை முடிந்து கொண்டுவந்தாள்.

"எங்க மாமியாருக்குக் கண்ணு வந்ததே அந்த வேனாலதான்," என்றாள். "இப்ப நான் கொழம்புல எவ்ளோ எண்ணெய் ஊத்தறேன்னு எட்டிப் பாக்குது. பரவால்ல, அதை மன்னிச்சுட்டேன். இது பாத்ரூம் கடியாரத்துக்கு."

'வேணாம்' டப்பாவில் ஒரு சூப்பர்வைசர், அஃப்ரோஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது போட்ட பத்து ரூபாய் இருந்தது. ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அஃப்ரோஸ் இரண்டு டப்பாக்களையும் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அறைக்குப் போய் ஒரு செக் எழுதி வந்து 'வேணாம்' டப்பாவில் போட்டார். இஞ்சினுக்குக் கேட்டபோது இல்லாத பணம். இஞ்சின் வாங்கிய பிறகும் மீதி இருக்கும்.

செக்கைப் பிரிசில்லாவும் பார்த்தாள். வேன் பிழைத்துவிட்டது. அவள்தான் தோற்கப் போகிறாள்.

சனிக்கிழமை மதியம் கேண்டீனில் எல்லோரும் கூடினார்கள். பிரிசில்லா பூட்ஸ் டப்பாவைக் கவிழ்த்தாள். சில்லறை மலையாகக் கொட்டியது. எண்ண ஆரம்பித்தாள்.

அஃப்ரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா பண்ற? இதை எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்சுடும். லஞ்ச் அரை மணி நேரம்தான். துண்டுத் தோல் எடை போடற தராசை எடுத்துட்டு வா."

"எடையா சார்?"

"எடைதான். எது ஜாஸ்தியோ அது ஜெயிச்சது."

அமிர்தவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், கொஞ்சம் யோசிச்சு..." என்றாள் பிரிசில்லா.

"நான் சொன்னா சொன்னதுதான். டைம் போவுது."

சில்லறையை மறுபடி அள்ளிப் போட்டு, இரண்டு டப்பாக்களையும் தராசில் வைத்தார்கள். சில்லறை வைத்த தட்டு தரையில் மோதியது. எதிர்த்தட்டு துள்ளி எழுந்ததில் செக் பறந்து, மெதுவாக, சாம்பார் வாளியின் பக்கத்தில் இறங்கியது. பிரிசில்லா பாய்ந்து எடுத்தாள்.

"அதுல செக் இருக்கு!" என்று கத்தினார் அஃப்ரோஸ்.

"செக்கு வெயிட்டு கம்மி சார்," என்றாள் அமிர்தவள்ளி.

பிரிசில்லாவோடு வந்திருந்த சர்தார் பாஷா புலிக்கோடு ஷூவைத் துடைத்து இரு கைகளாலும் நீட்டினார்.

"சூடு ஜாஸ்தி சார். இடது காலை எதுக்கும் எறக்கிடாதீங்க."

அஃப்ரோஸ் நொண்டியடித்தார். கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, தொட்டியைச் சுற்றி, திரும்ப கேட் வரை. பாதி வழியில் நின்றார். "டார்கெட் சார், டார்கெட்!" என்று ஒரு குரல் வந்தது. அது அவர் தினமும் கத்துவது. மறுபடி கிளம்பினார். லஞ்ச் முடிந்த மணி அடித்தது. யாரும் நகரவில்லை. அவர் காதிலும் விழவில்லை.

முடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்தார். மூச்சு வாங்கியது.

"எவ்ளோ நேரம்?"

"ஆறு நிமிஷம் சார்," என்றார் சூப்பர்வைசர்.

"அடுத்த வாட்டி அஞ்சுல முடிக்கலாம்."

பிரிசில்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் செக் இருந்தது. ஓரத்தில் லேசாக சாம்பார் வாசனை.

"அப்ப உன் சேர்..." என்று ஆரம்பித்தார் அஃப்ரோஸ்.

"அதைப் பத்தித்தான் சார். டிரஸ்ட் ஆபீஸ்ல பெரியவங்க உக்கார சேர் பத்தல. அதைக் குடுத்துடறீங்களா?"

அஃப்ரோஸ் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். தனக்குள் போனார்.

பிரிசில்லா காத்திருந்தாள்.