நாற்பதுக்கு மேல் போன வண்டி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இதில் குற்றம் சாட்டப்படுகிறவரேதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அரியலூரில் பட்டறை வைத்திருக்கும் பரணிதரன், என் பழைய காருக்கு அடியில் படுத்தபடி, "எஞ்சின் வேலை சரியில்லன்னு ஒருத்தன் என்னைய கோயிலுக்கு இழுத்தான் சார்" என்று ஆரம்பித்தார். பாதியில் போன் வந்தது, எழுந்து போய்விட்டார். மீதியைப் பிறகு கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. நியாயப்படி அவர் பக்கம்தான் எழுத வேண்டும், என் வண்டியை அவர் நன்றாகத்தான் பார்க்கிறார். ஆனால் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் மனசு அந்த 'ஒருத்தன்' பக்கமே போகிறது.

2

முதல் தொடக்கம்: அழகேசனின் குட்டியானை, அரும்பாவூர் ரோட்டில், பெயருக்கு ஏற்ப மண்டியிட்டு…

(அடித்துவிட்டேன். ஒரு சின்ன சரக்கு வண்டிக்கு ஊர் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு அழகு காட்டுகிற வேலை. அழகேசன் காதில் விழுந்தால் அறைவான்.)

இரண்டாவது தொடக்கம்: அழகேசன் அரும்பாவூர்க்காரன். சொந்தக் குட்டியானையில் சின்ன வெங்காயம் ஏற்றிப் பிழைக்கிறவன். வண்டி புகை கக்கியது. பரணிதரன் எஞ்சினை இறக்கி, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் பகலில் எஞ்சின் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அன்றைக்கு வண்டியில் வெங்காயம் இல்லை. பக்கத்து சீட்டில் அவன் மனைவி வளர்மதி, ஏழு மாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வண்டி கிடைத்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆனது. பெண் குழந்தை. உயிரில்லை.

(ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லையா என்பீர்கள். எஞ்சின் வேலை முடிந்த சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது எவனுக்கு அது தோன்றும்?)

(இந்த இடத்தில் ஆஸ்பத்திரி வராந்தா பற்றி ஒரு பத்தி இருந்தது. எழுத முடிந்தது, திரும்ப வாசிக்க முடியவில்லை.)

3

நஷ்டஈடு கேட்க வேண்டும் என்றவள் வளர்மதி.

"எஞ்சின திரும்ப சும்மா செஞ்சு குடுக்கட்டும், அது ஒங்க பொழப்புக்கு. எனக்கு ஒரு வார்த்த வேணும். எம்மேலதான் தப்புன்னு அவரு வாயால சொல்லணும்."

பெரம்பலூர் வக்கீல் முதலில் கேட்டது பில். பில் இல்லை. பழகின பட்டறையில் பில் கேட்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. அழகேசன் கேட்டதே இல்லை. காகிதம் இல்லாமல் கேஸ் நிற்காது என்று வக்கீல் கையை விரித்தார்.

பிறகுதான் கோயில். சிறுவாச்சூரில் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அடித்தவன் குடும்பம் விளங்காது என்று நம்பிக்கை. கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

4

பரணிதரன் வரமாட்டார் என்றுதான் எழுதிவைத்திருந்தேன். வந்துவிட்டார். (அவரைக் கெட்டவராக்க எவ்வளவோ முயன்று பார்த்தேன். இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்.) "புது சாமான்தான் போட்டேன், வேலைல கொற வைக்கல" என்று சொல்லி, கறுத்த கையால் கற்பூரத்தை அடித்தார். பிறகு இன்னொரு கட்டியை வைத்து ஏற்றினார்.

"இப்ப நீ அடி தம்பி. அடிச்சிட்டின்னா எஞ்சினும் செஞ்சு தரேன், என் தப்புதான்னு தங்கச்சிகிட்ட கையெடுத்துக் கும்புட்டும் சொல்றேன்."

"என்னன்னு அடிக்கணும்ண்ணே?"

"வண்டிய குடுக்கறப்ப என்ன சொன்னேன்? மொத ஐநூறு கிலோமீட்டர் நாப்பதுக்கு மேல போவாத, எஞ்சின் புடிச்சிக்கும்னு சொன்னேனா இல்லியா? போவலன்னு அடி."

அழகேசன் அன்றைக்கு எண்பதில் போனான். உங்களிடம் சொல்கிறேன், அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வளர்மதி பல்லைக் கடித்துக்கொண்டு முனகிய ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மிதித்தான். நாற்பது என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் மிதித்தான்.

கூட வந்து நின்ற வளர்மதி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அவரு அப்புடி சொன்னாரா?"

5

முடிவு ஒன்று. அழகேசன் கற்பூரத்தை அடித்துவிடுகிறான். எஞ்சின் கிடைக்கிறது, அவள் கேட்ட வார்த்தையும் கிடைக்கிறது. அடுத்த முறை அவள் வயிற்றில் ஒன்று தங்கும்போது, பத்து மாதமும் அவன் எப்படிச் சோறு தின்பான் என்று…

முடிவு இரண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஒரு பிரதியில் வளர்மதி அவனைத் தேற்றினாள். அது என் கோழைத்தனம். இன்னொன்றில் தனியாக நடந்துபோய் பஸ் ஏறினாள். அதை எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்றாவது…

மூன்றாவது இல்லை. எண்பதில் போனதால்தான் வண்டி நின்றது என்றே வைத்துக்கொள்வோம். நாற்பதில் ஊர்ந்து போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? டாக்டர் சொல்லவில்லை. பரணிதரனுக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும், எனக்கும் தெரியவில்லை.

கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு பதிலும் இல்லை. உங்களிடம் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் என்னிடம் வேண்டாம், அவளிடம் சொல்லுங்கள்.