பதினொரு சதவீத வெளிச்சம்

சப்-இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னதும், ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் அவள் பக்கம் திரும்பாமலே, "நீ வாயைத் தொறக்காதே" என்றான். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. அவனுடைய அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், மேம்பாலம் இறங்கும் இடத்தில், இரண்டு இரும்புத் தடுப்புகளைக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். முன்னால் போன மூன்று வண்டிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, கையிலிருந்த போனை ஒரு தடவை பார்த்து, நம்பர் பலகையை ஒரு தடவை பார்த்து, நேராக இந்த வண்டியைத்தான் அவர் நிறுத்தினார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

அவன் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினான்.

"முழுசா எறக்குங்க சார். உங்க முகத்தைப் பாத்து நான் ஒண்ணும் பயந்துட மாட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். வெயிலில் நின்று நின்று மூக்கு நுனி தோல் உரிந்திருந்தது. பின்கதவுக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, அதில் தெரிந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். "பதினொண்ணு. நூறு பங்கு வெளிச்சத்துல பதினோரு பங்குதான் உள்ள போகுது. பாதிக்கு மேல போகணும்னு சட்டம். வண்டியா வச்சிருக்கீங்க, குகையா?"

"வெயில் சார். வீட்டுல இவங்களுக்கு வெயில் ஒத்துக்காது. டாக்டரே சொல்லியிருக்கார்."

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா? என்ன வியாதி?"

அவள் அவனைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்பதுதான் உத்தரவு. "கேக்குறாருல்ல, சொல்லு" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"எனக்கு வெயில் நல்லா ஒத்துக்கும்" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் மட்டும் மெல்ல அசைந்தது. அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷப் படிப்பு அது.

வீட்டில் அவன் கை நீட்டியதே இல்லை. அவர்கள் இருந்தது மாடிப் போர்ஷனில். கீழே துணி தைக்கிற ஒரு அம்மா குடியிருந்தாள். மேலே ஒரு டம்ளர் விழுந்தால் கீழே தையல் மெஷின் நின்றுவிடும். அந்த நிசப்தம் அவனைக் கட்டிப்போட்டது. தெருவில் அவனுக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். குழாய் சாமான் கடை வைத்திருந்தான், வியாபாரிகள் சங்கத்தில் பொருளாளர், யார் வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் தானே போய் நின்று பார்ப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீட் கவர் கடையில் வண்டிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார்கள். ஒட்டி முடித்த கடைக்காரன், "உள்ள கொலையே நடந்தாலும் வெளிய தெரியாது சார்" என்று சிரித்தான். அவனும் சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும். அந்த வாரமே, யாரோ சொந்தக்காரரிடம் அவள் ரொம்ப நேரம் சிரித்துப் பேசினாள் என்று, திரும்பி வரும் வழியில் வண்டிக்குள்ளேயே முதல் அடி விழுந்தது. அடிப்பதற்கு முன்னால் அவன் ஏசியைக் கூட்டி வைப்பான். அதனால் வெயில் காலத்தில் அவளுக்குப் பெரிய குழப்பம். காற்று வேகமாக வந்தால் அது புழுக்கத்துக்கா, தனக்கா என்று தெரியாமல் கதவோடு ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவளே ஸ்டேஷனுக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்காமல், "காயம் எங்கம்மா?" என்று கேட்டார். காயம் ஆறியிருந்தது. "குடும்பம்னா முன்னப்பின்னத்தான் இருக்கும். வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க, பேசி விடுறேன்." பெரியவர் என்று அவளுக்கு இருந்தது அவனுடைய அக்கா மட்டும். அந்த அக்காவுக்குத் தம்பி சொல்வதுதான் வேதம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. பெரிய கடையொன்றின் வண்டி நிறுத்தத்தில், ஒரு அற்பப் பேச்சுக்கு, அவன் புறங்கையால் அடித்துவிட்டு, "மூஞ்சியைத் தொடச்சிக்கோ, வந்துடுறேன்" என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனான். அவளுக்கு உதடு கிழிந்திருந்தது. அப்போது முன்பின் தெரியாத ஒரு ஆள் அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றான். அவளுடைய முகத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஆள் ஈ என்று இளித்து, கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தான். சுண்டுவிரல் நகத்தால் எதையோ குத்தி எடுத்தான். மீசையை ஒதுக்கினான். அவள் கையை உயர்த்தி, உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தாள். அவன் அந்தக் கைக்குள்ளேயே தன் கிருதாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. தன்னை அடித்தவனைவிட அந்தக் கண்ணாடியின் மேல்தான் முதலில் வெறி வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்து, ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த கண் அது. வெளிச்சம் போகாத கண்ணாடி எதற்கு ஆகும்?

பத்து நாள் கழித்து, பருப்பு கட்டி வந்த பேப்பரில் ஒரு அறிவிப்பு இருந்தது. போக்குவரத்து விதியை மீறும் வண்டிகளைப் போட்டோ எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்பலாம். தலைக்கவசம், சிவப்பு விளக்கு, கறுப்பு ஃபிலிம். அவள் அந்தத் துண்டை இரண்டு நாள் பருப்பு டப்பாவுக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவன் வண்டியைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். அனுப்பியதைப் போனிலிருந்து அழிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது: உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, நன்றி. அடிக்கு யாரும் தராத மரியாதை, ஃபிலிமுக்குக் கிடைத்தது.

இப்போது வெளியே அவன் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தபடி. பிறகு குரல் ஏறியது. "நான் யாருன்னு தெரியாம பேசுறீங்க. ஒரு நிமிஷம் இருங்க" என்று யாருக்கோ போன் போட்டான். மணி போனது, எடுக்கவில்லை. இன்னொருத்தருக்குப் போட்டான்.

"மடியில கனம் இல்லேன்னா எதுக்கு சார் இத்தனை போனு? ஃபிலிமை உரிச்சிட்டு, அபராதத்தைக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க."

"ரோட்டுல பாதி வண்டி ஃபிலிம் ஒட்டித்தான் ஓடுது. என்னை மட்டும் ஏன் நிறுத்துறீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஏன்னா உங்க மேலதான் புகார் வந்திருக்கு." சப்-இன்ஸ்பெக்டருக்கும் பொறுமை போயிருந்தது. போனை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இந்தாங்க, உங்க வண்டிதானே? நம்பர் உங்களதுதானே? ஊருக்கு நல்லவரா இருந்தா எவன் சார் போட்டோ எடுத்து அனுப்பப்போறான்?"

யார் அனுப்பினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள் என்று அந்த அறிவிப்பில் போட்டிருந்தது. அதை அவள் நம்பியிருந்தாள். இறக்கிய கண்ணாடி வழியாக அவன் அந்தப் போட்டோவைப் பார்ப்பதைப் பார்த்தாள். முதலில் கோபமாகப் பார்த்தான். பிறகு கண்ணைச் சுருக்கினான். போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்துக்கு நகர்த்தினான். மேலேயிருந்து எடுத்த படம். ஓரத்தில், வளைந்த ஒரு ஜன்னல் கம்பி. பரணில் ஏணியை ஏற்றும்போது இடித்து அவனே வளைத்த கம்பி. போனைத் திருப்பிக் கொடுத்தான். வண்டிக்குள் இருந்த அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"வண்டி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"என் பேர்லதான்" என்று அவள் இறங்கினாள். அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது வாங்கிய வண்டி.

ஃபிலிமை அவனும் அவளும் ஆளுக்கொரு பக்கமாக உரித்தார்கள். ஓரத்தை நகத்தால் கிளப்பிவிட்டு இழுக்க வேண்டும். பாதி வந்து கிழிந்தது. கிழிந்த இடத்தில் பசை விரலைப் பிடித்து இழுத்தது. போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள். கூரைக்கு மேலாக அவன் கண்கள் அவள் மேலேயே இருந்தன. அவள் நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த உரிந்து வரும் சத்தம், சர்ர் என்று, கேட்கக் கேட்கப் பிடித்திருந்தது. ஒவ்வொரு துண்டாக எடுக்க எடுக்க உள்ளே இருக்கையின் உண்மையான நிறம் தெரிந்தது. சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தாள், நீலம்.

பெண் காவலர் ஒருவர் ரசீதில் கையெழுத்து வாங்க வந்தார். பேனாவை நீட்டியவர், அவள் மணிக்கட்டில் நாலு விரலாகப் பதிந்திருந்த மஞ்சளும் ஊதாவுமான தடத்தைப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் வண்டியின் மறுபக்கம் நின்றவனை ஒரு தடவை பார்த்தார். "மேடம், அந்த வெள்ளை வண்டி" என்று யாரோ கூப்பிட்டார்கள். ரசீதைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவன் வண்டியை அக்கா வீட்டுப் பக்கம் விடவில்லை. வீட்டுப் பக்கம் திருப்பினான்.

இரண்டு தெரு தாண்டினான். பிறகு, சாதாரணமாக, காய்கறி விலை கேட்பதுபோல் கேட்டான்: "சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்துதானே?"

"ஆமா."

"ஆமாவா? கூசாம சொல்றே."

"நான்தான் எடுத்தேன். நான்தான் அனுப்பினேன்."

"எதுக்குடி?"

"உங்களுக்கே தெரியும்."

"நடுரோட்டுல நிக்க வச்சுட்டே. கண்டவன் பாக்க ஃபிலிம் உரிச்சேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல இந்த ஊர்ல ஒருத்தன் கிடையாது, தெரியுமா? வீட்டுக்கு வா."

"வீட்டுல கீழ அந்தம்மா இருப்பாங்க" என்றாள் அவள்.

நாலு ரோடு சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றது. அவன் கை கியரிலிருந்து எழுந்து ஏசியின் குமிழைத் திருகியது. காற்று இரைந்தது. பழக்கத்தில் அவளுடைய உடம்பு கதவோடு ஒடுங்கியது. தோள் காதுவரை ஏறியது. வெயில் நேராக மடியில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கை குமிழை விட்டு உயர்ந்தது.

அவள் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. முகத்தை அவன் பக்கமிருந்து திருப்பி வெளியே பார்த்தாள். கதவை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதில் ஒரு பெண். முன்னால் ஒரு பெரிய அரிசிப் பை, காலை அதன்மேல் கோணலாக வைத்திருந்தாள். பசைத் தடம் கோடு கோடாகப் படிந்த கண்ணாடி வழியாக அந்தப் பெண் உள்ளே பார்த்தாள். ஒடுங்கியிருந்தவளைப் பார்த்தாள், மேலே தூக்கிய கையைப் பார்த்தாள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடியும் பார்த்தாள். தூக்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் நின்று, அவன் தலைமுடியைக் கோதியது.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு ஹாரன், அதன் பின்னால் இன்னொன்று, பிறகு மொத்தமாக எல்லாம். அந்தப் பெண் ஒரு காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டாள். ஸ்கூட்டரை எடுக்காமல் வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.