பூனைக்கும் பச்சை டிக்

பயிற்சி மையத்தின் வாசலை ஒட்டி ஒரு பித்தளை மணி தொங்கியது. படிக்கிறவர்களில் யாருக்காவது வேலை கிடைத்தால் அந்த மணியை அடிக்க வேண்டும். எல்லாரும் எழுந்து கைதட்ட வேண்டும். மணி அடித்தவரை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், கைதட்டல் ஓய்வதற்குள் அந்தப் படம் மையத்தின் இணையப் பக்கத்தில் ஏறிவிடும். மறுநாள் அந்த ஆளின் நாற்காலி காலியாக இருக்கும். எங்கே போனார், என்ன வேலை என்று கேட்டால் யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

சோபாக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மையம். சில மாதங்களில் கோடிங் கற்றுக்கொடுத்து வேலையிலும் உட்காரவைப்போம் என்று அவர்கள் சொன்னதை நம்பி, பேருந்துக் கம்பெனியின் டிக்கெட் கவுன்ட்டரை உதறிவிட்டு வந்தவள் பெரியவள். அவள் எழுந்த சூடு ஆறுவதற்குள் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று. இப்போது வீடு ஓடுவது தங்கையின் சம்பளத்தில்தான். தங்கை, அதாவது சின்னவள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலையில் இருந்தாள். அந்த வேலை அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்துவிட்டது.

"உனக்கு மணி அடிக்கட்டும்கா. அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷம் நான் ராஜினாமாவைக் குடுத்துட்டு அடுத்த பேட்ச்ல சேர்ந்துடுவேன்" என்று சின்னவள் தினமும் சொல்வாள். கடிதத்தைக்கூட எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். விட்டுப் போனவர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிற வழக்கம் அந்தக் கூடத்தில் கிடையாது, போனால் போனதுதான்.

பாடம் நடத்துகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'நாளைக்கு சார்'. வெளிறிய முகம், சின்ன வயது. வீடியோவை ஓடவிட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். சந்தேகம் கேட்டால், "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அந்த நாளை வந்ததாகச் சரித்திரமே இல்லை. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பது நின்றுபோனது.

ஆனால் பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்தது. எழுதிய பயிற்சியை அவரவர் மடிக்கணினியிலிருந்து ஏற்றினால், கணினியே திருத்தி ஒரு பச்சை டிக் போடும். 'மிகச் சிறப்பு' என்று ஒரு வரியும் வரும். பெரியவளுக்கு ஒரு தடவைகூடச் சிவப்பு விழுந்ததில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது அவளுக்கு, இருந்தாலும் கணினியே சரி என்கிறதே, நமக்குத்தான் நம்மேல் நம்பிக்கை இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒவ்வொரு டிக்கையும் சின்னவளிடம் காட்டினாள். சின்னவள் அதைக் கூடத்தில் எல்லாரிடமும் காட்டினாள்.

அன்றைக்கு மதியம் அவசரத்தில் பெரியவளுக்குக் கை தவறிவிட்டது. பயிற்சிக்குப் பதிலாக வேறொரு ஃபைலை அழுத்திவிட்டாள். அது வீட்டுப் பூனையின் படம், சலவைக் கூடைக்குள் கால் நீட்டித் தூங்குகிற படம். ஐயையோ, மானம் போயிற்று என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பச்சை டிக் விழுந்தது. மிகச் சிறப்பு.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஒன்றுமே எழுதாத வெற்று ஃபைலை ஏற்றிப் பார்த்தாள். அதற்கும் பச்சை. சுற்றிலும் பார்த்தாள். அறை முழுக்கத் திரைகள் பச்சையாக ஒளிர்ந்தன. குனிந்த தலைகள் தட்டிக்கொண்டே இருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் நாளைக்கு சாரிடம் போய், பச்சை டிக் விழுந்த பூனைப் படத்தைக் காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் தெரியும்ங்க" என்றார் மெதுவாக. "நானும் இவங்ககிட்ட படிச்சவன்தான், வேற ஊர்க் கிளையில. எனக்கும் மணி அடிச்சாங்க."

"அப்புறம் ஏன் இங்கயே இருக்கீங்க?"

"அந்த மணி எதுக்குன்னு நெனச்சீங்க? இந்த மாதிரி நாற்காலிக்குத்தான், கிளைக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டு மூணு மாசம் உட்காரவைப்பாங்க, அப்புறம் அடுத்த ஆளு. வெளியில யாரும் நம்மள எடுக்கமாட்டாங்க. நமக்கு ஒண்ணும் தெரியாதே."

"இதை எல்லார்கிட்டயும் சொல்லலாமே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊர்ல அம்மாகிட்ட நான் இன்ஜினியர்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

இன்று இரவே தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பெரியவள் வீட்டுக்குப் போனாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, "எங்க டாக்டரே கேட்டாருக்கா, உங்க அக்கா ரொம்பக் கெட்டிக்காரியாமேன்னு" என்றாள். அக்கா கெட்டிக்காரி. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை பாடு. "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று தங்கை கேட்டதற்கு, "நல்லாத்தான் போகுது" என்றாள். வெட்கம் என்று அதற்குப் பெயர் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது வறட்டுக் கௌரவம்.

மறுநாள் காலையில் நாளைக்கு சாரின் நாற்காலி காலியாக இருந்தது. மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

மையத்தை நடத்துகிற மேடம் வாயெல்லாம் பல்லாக வந்து பெரியவளின் தோளில் கை வைத்தார். "உங்க எல்லா டிக்கும் பச்சை. உங்களை வெளியில அனுப்ப எங்களுக்கு மனசு வரல. நீங்களே இனிமே சொல்லிக்குடுங்க. வாங்க, மணி அடிக்கலாம்."

"மேடம், ஒரு நிமிஷம். நான் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"படத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்குவாங்க" என்று மணிக் கயிற்றை அவள் கையில் திணித்தார் மேடம். பெரியவள் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மேடத்தின் மறு கை அவள் கைமேல் வந்து அழுந்தியது. மணி அடித்தது. அறையே எழுந்து கைதட்டியது. யாரோ படம் எடுத்தார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் போன் அடித்தது.

"அக்கா, பார்த்துட்டேன்." சின்னவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "மேனேஜர் ரூம் வாசல்லதான் நிக்கறேன். கடிதம் கையில இருக்கு. உள்ள போகட்டுமா?"

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போகாதே என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெரியவள் வாயைத் திறந்தாள். மேடத்தின் கை இன்னும் தோளைவிட்டு எடுபடவில்லை. அத்தனை முகங்களும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நேற்றுவரை அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள், அவளைப் போலவே ஒருநாள் மணி அடிக்கக் காத்திருப்பவர்கள். மூலையில் அந்த நாற்காலி இருந்தது.

"அக்கா? எந்தக் கம்பெனின்னு மட்டும் சொல்லு, உள்ள கேட்பாங்க."

"அது வந்து..." என்றாள் பெரியவள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நாளைக்குச் சொல்றேன்டி."

"சரிக்கா, நீ நாளைக்கே சொல்லு" என்று சிரித்தாள் சின்னவள். போனை வைக்க மறந்து அவள் கதவைத் தட்டுவது கேட்டது.