உள்ளிருந்து திறக்காத கதவு

எங்கள் தெருவில் அப்பாவுக்கு இருந்த சொத்து இரண்டு. ஒன்று, அவருடைய பழைய கார். இன்னொன்று, அந்தக் காரின் கதவைத் திறந்துவிடுகிற மகன்.

கார் என்னைவிட மூத்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறக்கும், உள்ளிருந்து திறக்காது. ஜன்னலை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜன்னல் கால்வாசிக்கு மேல் இறங்காது. பக்கத்து சீட் வழியாக இறங்கலாமே என்றால், அப்பாவின் வயிறு கியரைத் தாண்டாது. ஆகவே வண்டி எங்கே நின்றாலும் நான் முதலில் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிப் போய், அவர் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டும். அப்பா ஒரு காலைத் தரையில் வைப்பார். சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு மெதுவாக, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இறங்குவார்.

பூட்டு கெட்டுப்போன விஷயம் தெருவுக்குத் தெரியாது. தெரு பார்த்ததெல்லாம் அப்பாவுக்குக் கதவு திறக்கும் பிள்ளையைத்தான். எதிர்வீட்டு டீச்சர் தன் இரண்டு பையன்களையும் வாசலுக்கு இழுத்துவந்து, பார்த்துக் கத்துக்கோங்கடா என்று என்னைக் காட்டுவார். அந்தப் பையன்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தெருவைவிட முக்கியமான இடம் ஒன்று இருந்தது. அப்பா ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அங்கே யாரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. முதலாளியின் மகன், என் வயசுதான் இருக்கும், "யோவ் ஸ்டோரு" என்பான். தினமும் காலையில் அந்தக் கிடங்கு வாசலில், சுமை இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சுற்றிப் போய்க் கதவைத் திறப்பேன். திறந்துவிட்டு அங்கிருந்தே பஸ் பிடித்து காலேஜ் போவேன்.

காலேஜில் எனக்குப் பட்டப்பெயர் ‘கதவு’. நானே எனக்கு வைத்துக்கொண்டது. ஆண்டு விழாவில் இந்தக் காட்சியை மேடையில் போட்டேன். அப்பாவும் நானே, மகனும் நானே, காருக்கு பிரின்சிபால் அறையிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி. சட்டையை இழுத்துவிடும் இடத்தில் நல்ல கைத்தட்டல். அதைவிடப் பெரிய கைத்தட்டல் செல்போன் கடை காட்சிக்கு. அது நிஜமாக நடந்தது. இந்தக் கோடையில் ஒரு நாள், போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்ட வேண்டும் என்று அப்பாவைக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி நேராகக் கடைக்குள் போய்விட்டேன். கதவைத் திறக்க மறந்துபோனது. ஒட்டியதில் குமிழ் விழுந்து, பிரித்து, மறுபடி ஒட்டி, நண்பன் ஒருத்தனைப் பார்த்து, பேசி, வெளியே வந்தால் அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். கூட்டமாடா என்று மட்டும் கேட்டார். மேடையில் இந்த இடத்தில் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு "கூட்டமாடா?" என்றபோது, பின்வரிசையில் ஒருத்தன் சிரித்து சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தான்.

இப்படிப்பட்ட காரை விற்பதென்று முடிவானது மாமாவால். அம்மாவின் தம்பி. பேப்பரைப் புதுப்பிக்கிற செலவு காரின் விலையைத் தாண்டிவிடும் என்று அவர்தான் கணக்குச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த டப்பாவைப் பழைய இரும்புக்காரன்தான் எடுப்பான், அதுவும் அத்தான் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தால் என்றும் சொன்னார். அப்பா "பார்க்கலாம்" என்றார். மாமாவிடம் அப்பா "பார்க்கலாம்" என்று சொல்லி அதுவரை எதையும் பார்த்ததில்லை. அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் மாமா சிரித்துக்கொண்டிருக்கும் விதத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

பழைய கார் வாங்கும் ஆன்லைன் கம்பெனிகள் மூன்றில் விவரம் போட்டேன். ஒன்று வருஷத்தைக் கேட்டதுமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. இன்னொன்றிலிருந்து ஒரு பெண் நாள் முழுக்க போன் செய்தாள். அப்பா அவளையும் மேடம் மேடம் என்று கூப்பிட்டு, விற்கிறவர் யார் வாங்குகிறவர் யார் என்பதே குழம்பிப்போனது. மூன்றாவது கம்பெனிதான் உடனே ஒரு விலையைக் காட்டியது. திரை முழுக்கக் கலர் காகிதம் பறந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். பிறகு கேள்விகள் வந்தன. ஒவ்வொரு குறையையும் ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள, விலை மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கியது. புகை வருகிறதா. எண்ணெய் ஒழுகுகிறதா. எல்லாக் கதவுகளும் உள்ளிருந்து திறக்கின்றனவா.

அப்பாவைக் கேட்காமலே ‘இல்லை’ என்று தட்டினேன். விலை ஒரு படி இறங்கியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்ல வந்து தொண்டையைச் செருமினார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

இறங்கி நின்ற விலையும் இரும்புக்கடைக்கு மேலேதான் இருந்தது. அதை அப்பா மாமாவுக்கு போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். ஆள் வந்து வண்டியைப் பார்த்த பிறகுதான் அது உறுதியான விலை, அதுவரைக்கும் அது வெறும் பேச்சு என்று மாமா சொன்னதும் ஸ்பீக்கரிலேயே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார் என்றார் அப்பா. அப்போ நானும் வர்றேன் என்றார் மாமா. விலை சொன்னதற்குக் கீழே போனால் அப்பா இனி எந்தக் கல்யாண வீட்டிலும் தலை நிமிர முடியாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்தது. கார் மட்டும் கவலையில்லாமல் வாசலில் எண்ணெய் ஒழுக்கிக்கொண்டு நின்றது.

வந்த பரிசோதகர் கம்பெனி பனியன் போட்ட, என்னைவிடக் கொஞ்சம் பெரிய ஆள். கையில் டேப்லெட், இடுப்பில் டார்ச். தண்ணீர் வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் காரின் அடியில் படுத்தார். பெயிண்டின் கனத்தை அளக்கும் ஒரு கருவியை ஒவ்வொரு இடமாக வைத்து வைத்து எடுத்தார். மாமா பின்னாலேயே போய், அந்த ஒடுக்கைப் பார்த்தீங்களா தம்பி, இந்தத் துருவைப் பார்த்தீங்களா என்று உதவி செய்தார். எதிர்வீட்டு கேட்டில் டீச்சர் தன் பையன்களோடு நின்றார். அம்மா வாசற்படியில். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில்.

கடைசியாகக் கதவுகள். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து வீடியோ எடுக்க வேண்டும் என்றார் பரிசோதகர். ஓட்டுநர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். பழக்கதோஷம், அவரை வெளியே விடுவதற்காக நான் முன்பக்கமாகச் சுற்றி ஓடினேன்.

நான் பாதி வழியில் இருக்கும்போதே அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

டேப்லெட்டைப் பார்த்தார். திறக்காது என்று போட்டிருக்கிறீர்களே என்றார். சில நேரம் திறக்கும் என்றார் அப்பா. பரிசோதகர் மறுபடி ஏறிச் சாத்தினார், திறந்தார். மறுபடி சாத்தினார், திறந்தார். அந்த ‘டக்’ சத்தத்தை நான் அந்தக் காரில் அதுவரை கேட்டதே இல்லை.

"நல்லாத்தான் திறக்குது சார். லாக்கே புதுசு மாதிரி இருக்கு, மாத்தியிருக்கீங்க போல. நான் சரியாக்கிப் போட்டுடறேன், உங்களுக்கு விலையும் ஏறும்."

"வேணாம் தம்பி. திறக்காதுன்னே இருக்கட்டும்."

குறையை மறைக்கிற ஆட்களைத்தான் தினமும் பார்க்கிறேன், குறை வேண்டும் என்று கேட்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் பரிசோதகர். தப்பாகப் போட்டால் தன் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அப்பா காரின் கூரையில் இல்லாத தூசியைத் துடைத்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மாமாவுக்கு எதுவும் லேட்டாகத்தான் புரியும். ஆனால் புரிந்தால் விடமாட்டார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏன் அத்தான், கதவு நல்லாத்தான் இருக்குன்னா, இவன் எதுக்கு தினம் நாய்க்குட்டி மாதிரி சுத்தி சுத்தி வந்து திறக்கிறான்? அவன்கிட்ட சொல்லவே இல்லையா?"

தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுப் பையன்கள் கேட்டின் மேல் ஏறி நின்றார்கள். அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. அப்பா யாரையும் பார்க்கவில்லை. அவருடைய ஒரு கை சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. மேடையில் நான் செய்தது அவ்வளவு சரியாக இல்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும் மாமா," என்றேன். "நாந்தான் திறக்கிறேன்."

"தெரிஞ்சா ஆன்லைன்ல ஏன்டா திறக்காதுன்னு போட்டே?"

"கை தவறிப் பட்டுருச்சு."

டீச்சர் தன் மூத்த பையனின் மண்டையில் லேசாக ஒரு தட்டு தட்டினார். பரிசோதகர் எதையோ அழுத்த, திரையில் மறுபடி கலர் காகிதம் பறந்தது. அப்பா மாமாவிடம் சொன்ன விலைக்கு ஒரு படி மேலே போய் நின்றது. ஜெயித்தவர் அப்பாதான். அவர் ஜெயித்ததைக் கொண்டாடவில்லை. நல்லது தம்பி என்று பரிசோதகரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் தெரியாது என்பது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவர்தான். அந்த ‘இல்லை’யை நான் தட்டும்போது பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர்.

அன்று மாலையே வண்டியைக் கம்பெனி யார்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அப்பா ஓட்டினார். நான் பக்கத்தில். இரண்டு பேரும் சாலையை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு போனோம். சிக்னலில் நின்றபோது நான்தான் கேட்டேன்.

"எப்பப்பா மாத்தினீங்க?"

"போன கோடையில."

சிக்னல் விழுந்தது. ஸ்கிரீன் கார்டு ஒட்டியது இந்தக் கோடையில்.

"அப்ப அன்னிக்கு செல்போன் கடை வாசல்ல... நீங்களே இறங்கியிருக்கலாமே."

அப்பா கியரை மாற்றினார். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தார். பின்னால் வண்டி எதுவும் இல்லை.

"நீ வந்துடுவேன்னு பார்த்தேன்," என்றார்.

பின்வரிசையில் ஒருத்தன் பெஞ்சிலிருந்து விழுந்த சத்தம் யார்டு வரைக்கும் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

யார்டில் வரிசை வரிசையாகப் பழைய கார்கள் நின்றன. காட்டிய இடத்தில் அப்பா நிறுத்தி இன்ஜினை அணைத்தார். நான் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் பிரச்சினை. போய்த் திறந்தால், பாவம் பார்த்துத் திறக்கிறேன் என்று ஆகும். திறக்காமல் நின்றால், குத்திக்காட்டுகிறேன் என்று ஆகும். யோசித்துக்கொண்டே கால் அதுபாட்டுக்குச் சுற்றிப் போய்விட்டது. கைப்பிடியை நான் தொடப்போன அதே நேரம் அப்பாவும் உள்ளிருந்து திறந்தார். கதவின் விளிம்பு என் முட்டியில் சரியாக இறங்கியது.

"வழியில ஏன்டா நிக்கிறே?"

"சும்மாப்பா."

வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு பேரும் நல்ல ஜாதிப் பொய்யர்கள். அப்பா உள்ளே குனிந்து, சீட்டில் போட்டு உட்காரும் குஷனை மட்டும் எடுத்துக்கொண்டார். அது காரோடு சேராது என்று, யாரும் கேட்காமலே அங்கிருந்த ஆளிடம் விளக்கினார். சாவியைக் கொடுத்தார். கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

திரும்பும்போது ஆட்டோ. குஷன் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. தெருவுக்குள் நுழைந்தபோது டீச்சர் இன்னும் கேட்டில்தான் நின்றார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆட்டோ அதன் மேலேயே போய் நின்றது.

நான் என் பக்கமாக இறங்கினேன். அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி அப்பா பக்கம் போனேன். போய் நின்ற பிறகுதான் பார்த்தேன், ஆட்டோவுக்குக் கதவே கிடையாது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா என் கையைப் பார்த்தார். அதில் குஷனை வைத்தார். பிறகு ஒரு காலைத் தரையில் வைத்து, சட்டையைத் தொடாமல், சட்டென்று இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.